கட்டி என்றால் உடனே கத்தியா?

‘ஸ்கேன்’ என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வயிற்றுப் பிள்ளைதான். ஐந்தாம் மாதம் ஒரு ஸ்கேன், எட்டாம் மாதம் ஒரு ஸ்கேன், ‘குழந்தை ஆணா, பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது’ என்று சுவரிலே ஒரு பலகை, வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளும் மருமகளும், துணைக்கு வந்திருக்கும் மாமியார் - நாம் அறிந்த ஸ்கேன் அறை இவ்வளவுதான். துணைக்கு வந்த அந்த மாமியாருக்கே ஒரு நாள் ஸ்கேன் தேவைப்படலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அவளுக்கும் தோன்றுவதில்லை. இந்த வாரம் அந்த மாமியாரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பழனி மலையிலே, கொடைக்கானல் தாலுக்காவில், வடகவுஞ்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. காப்பியும் மலைவாழையும் விளைகிற மலை. கீழே இறங்கினால் பழனி. பெருமாள்மலை வழியாகப் போய் மறுபுறம் இறங்கினால் வத்தலக்குண்டு, அதற்கப்பால் மதுரை. எப்படிப் போனாலும் வளைந்து வளைந்து இறங்கும் பாதைதான். அந்த ஊரில் ஐம்பத்தெட்டு வயதில் ஓர் அம்மாள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்களேன். பெயரெல்லாம் வேண்டாம். நம் எல்லோருக்கும் ஒரு பெரியம்மா உண்டல்லவா? பெரியம்மா என்றே சொல்வோம்.

பெரியம்மாவுக்கு இரண்டு மாதமாக வயிறு உப்புசம். இரண்டு இட்டிலி சாப்பிட்டாலே நெஞ்சு வரை நிறைந்து விடுகிறது. ராத்திரியில் நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. உடம்பு இளைத்திருக்கிறது; ஆனால் பாவாடை நாடா மட்டும் இறுக்குகிறது. “எல்லாம் வாயுதான்” என்று ஓமத் தண்ணீர் குடிக்கிறாள், பெருங்காயம் கரைத்துக் குடிக்கிறாள். “வயசானால் வயிறு போடத்தான் செய்யும்” என்று அண்டை வீட்டுக்காரி சமாதானம் சொல்கிறாள். கடைசியில் மகன் பஸ் ஏற்றிக் கீழே கூட்டிப் போகிறான். ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் வயிற்றைத் தடவிப் பார்த்து, ஸ்கேன் கருவியையும் வைத்துப் பார்த்துவிட்டு, “சினைப்பையில் கட்டி இருக்கிறது. நாளைக் காலையிலேயே எடுத்து விடலாம்” என்கிறார்கள். மகனுக்குப் பெரிய நிம்மதி. மறுபடியும் மலையேறி, மறுபடியும் இறங்கி அலைய வேண்டாம் பாருங்கள்!

இந்த இடத்தில்தான் நான் குறுக்கே கையை நீட்டி, “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிக் கொள்ளுங்கள். சினைப்பையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு வரும் நீர்க்கட்டிகளில் அநேகம் வந்த வழியே வற்றிப் போய்விடும். ஆனால் மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆன பிறகு தோன்றும் கட்டி, அதிலும் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு வருகிற கட்டி வேறு ரகம். அதைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, நம் தேசத்தில் அந்த ஒரே வருஷத்தில் சுமார் 47,000 பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் கண்டிருக்கிறது. நம் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகம், கர்ப்பப்பை வாய் இரண்டுக்கும் அடுத்தபடி இதுதான். (நம் ஊரில் இடுப்புக்குக் கீழே எந்தக் கட்டி வந்தாலும் ‘கர்ப்பப்பைக் கட்டி’ என்று ஒரே பெயரில் சொல்லி விடுகிறோம். கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு. டாக்டரிடம் எது என்று கேட்டு, காகிதத்தில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.)

சினைப்பை ஒரு வாதுமைப் பருப்பைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும், அவ்வளவுதான். கர்ப்பப்பைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அதிலே வரும் புற்றுநோய்க்கு ஒரு விசேஷ குணம் உண்டு. மற்றப் புற்றுநோய்களில் பல ரத்தத்தில் கலந்து ஊர்விட்டு ஊர் போகும். இது விதை உதிர்வதைப் போல வயிற்றுக்குள்ளேயே உதிரும். வயிற்றறையில் எப்போதும் கொஞ்சம் திரவம் ஊறி ஓடிக் கொண்டிருக்கிறது. அது அடிவயிற்றிலிருந்து வலது விலாப் பக்கமாக மேலே ஏறி, ஈரலுக்கு மேலே, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலே கூரை மாதிரி இருக்கும் உதரவிதானத்தின் அடியில் போய்ச் சேருகிறது. உதிர்ந்த விதைகளும் அந்த வாய்க்காலோடு போய் அங்கங்கே ஒட்டி முளைக்கின்றன. குடலுக்கு முன்னால் முந்தானையைப் போலத் தொங்கும் கொழுப்புத் திரை ஒன்று இருக்கிறது. அந்த நிலம் இவற்றுக்கு ரொம்பப் பிடித்தம்.

ஆகவே ‘கட்டியை எடுப்பது’ என்பது இந்த நோயில் பாதி வேலைகூட இல்லை. கிரிஃபித்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆபரேஷன் முடிந்து தையல் போடும்போது உள்ளே எவ்வளவு நோய் மிச்சம் இருக்கிறதோ, அதைப் பொறுத்தே நோயாளியின் ஆயுள் அமைகிறது என்பது அதன் சாரம். ஐம்பது வருஷமாக வந்த ஆராய்ச்சிகள் அதை உறுதிதான் செய்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற ஒரு கடுகுகூட மிச்சம் வைக்கக் கூடாது என்பது இன்றைய லட்சியம். அடிவயிற்றில் சின்னதாகக் கீறி, கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, “மேலேயும் ஏதோ தெரிகிறது, எங்களால் அதைத் தொட முடியாது” என்று மூடி அனுப்பினால் என்ன ஆகும்? மறுபடியும் ஒரு பெரிய ஆபரேஷன். அதுவும் முதல் ஆபரேஷனால் குடலும் சதையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போன வயிற்றில். இன்னொரு ஆபத்தும் உண்டு. நோய் ஒரு கட்டிக்குள்ளேயே அடங்கியிருந்து, எடுக்கும் அவசரத்தில் அது உடைந்து உள்ளே கொட்டிவிட்டால், அடங்கியிருந்த நோயை நாமே அவிழ்த்து விட்டதாகிவிடும். உடையாமல் எடுத்திருந்தால் தேவைப்பட்டிராத மருந்துகள் பிறகு தேவைப்படலாம்.

அதனால்தான் இந்த நோயில் படம் முந்த வேண்டும், கத்தி பிந்த வேண்டும்.

படமே இல்லாத காலம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்மணிக்கு வயிறு பெருத்துக்கொண்டே போயிற்று. பிள்ளை இருக்கிறது, பிரசவ நாள் தவறிவிட்டது என்றார்கள் வைத்தியர்கள். இரட்டைப் பிள்ளையாக இருக்குமென்றும் பேசிக் கொண்டார்கள். எஃப்ரெம் மக்டவல் என்ற டாக்டர் வந்து கையால் பார்த்து, “பிள்ளை இல்லை அம்மா, சினைப்பைக் கட்டி” என்று சொன்னார். அந்த அம்மாள் குளிர்காலத்தில் 60 மைல் குதிரை மேல் வந்தாள். மயக்க மருந்து என்ற ஒன்றே அப்போது கிடையாது. மேஜை மேல் படுக்க வைத்து, 25 நிமிஷத்தில், இருபத்திரண்டரை பவுண்டு எடையுள்ள கட்டியை எடுத்தார். அவள் அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தாள். அதிர்ஷ்டசாலிகள், இரண்டு பேருமே! டாக்டருக்கு இருந்த வரைபடம் அவருடைய உள்ளங்கை ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு வரை உள்ளங்கைதான் வரைபடம். பிறகு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ வைத்தியப் பேராசிரியர் இயன் டொனால்டு வந்தார். யுத்த காலத்தில் விமானப் படையில் இருந்து ராடார் சங்கதிகளைப் பார்த்தவர் அவர். பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்ற பாய்லர் கம்பெனியார் இரும்புத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். 1955 ஜூலை 21-ஆம் தேதி, ஆபரேஷனில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் இரண்டு மோட்டார் கார்களின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்கே போய்விட்டார்! ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய இறைச்சித் துண்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்களாம். நீர்க்கட்டி ஒரு விதமாகவும், கெட்டிக் கட்டி வேறு விதமாகவும் எதிரொலி கொடுப்பதை அன்றைக்குத்தான் அவர் கண்டார்.

நமக்கு முக்கியமான கதை அதற்குப் பின்னால் வருகிறது. இரைப்பையில் புற்றுநோய், ஆபரேஷனுக்கு லாயக்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணி. வயிறு வீங்கியிருந்தது, அது நீர்க்கோவை என்று முடிவு கட்டியிருந்தார்கள். டொனால்டு தம் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார். பரவிக் கிடக்கும் நீராக அது தெரியவில்லை. ஒரு பைக்குள் அடைபட்ட நீராகத் தெரிந்தது. திறந்து பார்த்தார்கள். சினைப்பையிலிருந்து வந்த சாதுவான கட்டி! எடுத்தார்கள், அவள் பிழைத்துக் கொண்டாள். டொனால்டும் ஜான் மக்விகாரும், டாம் பிரவுன் என்ற இளம் என்ஜினியரும் சேர்ந்து 1958 ஜூனில் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரைதான் இன்றைய ஸ்கேன் அறைகளுக்கெல்லாம் மூலம். வயிற்றுப் பிள்ளைக்கென்று பிறந்ததல்ல ஸ்கேன். வயிற்றுக் கட்டிகளைத் தேடிக்கொண்டுதான் அது வளர்ந்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்தது சி.டி. ஸ்கேன். நாய்ப் படம் போட்ட இசைத்தட்டு ஞாபகம் இருக்கிறதா? அதற்கு உரிமை கொண்டாடிய இ.எம்.ஐ. கம்பெனியில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்று ஓர் என்ஜினியர். எக்ஸ்ரேயைச் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சி, கணக்குப் போட்டு, ரொட்டியைத் துண்டு துண்டாக நறுக்கிப் பார்ப்பதுபோல உடம்பின் உள்ளே பார்க்கும் யந்திரம் அவர் செய்தது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979-இல் ஆலன் கார்மாக் என்பவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பாட்டுக் கேட்கத் தட்டு விற்ற கம்பெனி பல உயிர்களுக்கும் துணை செய்துவிட்டது.

நிற்க. நம் பெரியம்மாவிடம் திரும்புவோம்.

அந்த நர்ஸிங் ஹோமில் எடுத்தது ஒலி அலை ஸ்கேன். அது முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்: கட்டி சாதுவா, சந்தேகத்துக்குரியதா? வெறும் நீர் நிறைந்த மெல்லிய பையாக இருந்தால் நல்லது. உள்ளே தடுப்புச் சுவர்கள், கெட்டியான பாகங்கள், இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர் - இவை இருந்தால் சந்தேகம் வலுக்கும். இதோடு சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து 1990-இல் இங்கிலாந்து டாக்டர்கள் ஒரு எளிய கணக்குக் கண்டுபிடித்தார்கள். நம் அஞ்சறைப் பெட்டிக் கணக்கைவிடச் சுலபம். ஸ்கேனில் மேலே சொன்ன கோளாறுகளில் ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு 1, நின்றவர்களுக்கு 3. இந்த இரண்டையும் ரத்தப் பரிசோதனை எண்ணோடு பெருக்க வேண்டும். விடை 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் ஆபரேஷனில் தேர்ந்தவரிடம் அனுப்ப வேண்டும். பெரியம்மாவுக்கு ரத்த எண் 100 என்று வைத்துக் கொண்டால், 3 பெருக்கல் 3 பெருக்கல் 100, விடை 900! நாளைக் காலையே கத்தி வைக்கிற கேஸா இது, சொல்லுங்கள்? அந்த ரத்த எண்ணை மட்டும் தனியாக நம்பிப் பயப்படவும் வேண்டாம். சாதாரண கர்ப்பப்பைக் கட்டிகளிலும், வேறு சில கோளாறுகளிலும்கூட அது ஏறும்.

இதற்குப் பிறகு வருவதுதான் சி.டி. அது இரண்டாம் கேள்விக்குப் பதில்: நோய் எங்கெங்கே போயிருக்கிறது, எடுக்க முடியுமா, எடுக்க யார் யார் வேண்டும்? மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். வயிற்று நோய்க்கு மார்பை ஏன் எடுக்கிறார்கள் என்று சண்டை பிடிக்காதீர்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

படத்தைப் பார்க்கும் நிபுணர், மலைப்பாதையில் லாரி ஓட்டப் போகிறவனுக்குத் தெரிந்தவன் வழி சொல்வதைப் போல, சர்ஜனுக்கு ஒவ்வொரு வளைவாகச் சொல்லி வைக்கிறார். ஈரலின் மேல்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, உள்ளேயே இருக்கிறதா? உதரவிதானத்தின் அடியில் இருக்கிறதா? அப்படியானால் மேல் வயிறு வரை நீளமாகக் கீற வேண்டும். மலக்குடலைப் பற்றியிருக்கிறதா? அப்படியானால் குடல் வெட்டி இணைக்கத் தெரிந்தவர் கூட நிற்க வேண்டும். சில நாளைக்கு வயிற்றின் பக்கவாட்டில் பை வைக்க நேரலாம் என்று பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிறுகுடலுக்கு ரத்தம் கொண்டு போகும் விசிறி மடிப்பின் அடிவேரையே நோய் பிடித்துச் சுருக்கிவிட்டதா? அது மிக மோசமான வளைவு. அங்கே கத்தி வைத்தால் குடலே இல்லாமல் போகும்; அதைக் கண்டால் முதலில் ஆபரேஷன் என்ற பேச்சை ஒத்திப் போடுவார்கள்.

அமெரிக்க சர்ஜன் பால் ஷுகர்பேக்கர் இதற்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு போட்டு வயிற்றை 9 கட்டமாக்குவது. சிறுகுடலுக்குத் தனியாக 4. ஆக 13 கட்டம். ஒவ்வொன்றிலும் நோய் இல்லையென்றால் 0. அரை சென்டிமீட்டர் வரை 1. ஐந்து சென்டிமீட்டர் வரை 2. அதற்கு மேல் 3. கூட்டினால் அதிகபட்சம் 39. எண் ஏற ஏற எடுப்பது கஷ்டம். ஆனால் வெறும் கூட்டுத் தொகையைக் கொண்டு தீர்ப்புச் சொல்வதில்லை. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிது. முந்தானைக் கொழுப்பில் ஒரு பெரிய கட்டி இருந்தால் முந்தானையோடு எடுத்துவிடலாம். குடலின் அடிவேரில் அதில் பாதி இருந்தாலும் தொட முடியாது.

இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு இரண்டில் ஒன்று. முழுவதும் எடுக்க முடியும், நோயாளியும் தாங்குவாள் என்றால் முதலில் ஆபரேஷன், பிறகு மருந்து. இப்போது எடுக்க முடியாது என்றால், முதலில் மூன்று வாரத்துக்கு ஒரு தரமாகப் பெரும்பாலும் மூன்று தடவை மருந்து ஏற்றி, மறுபடியும் சி.டி. எடுத்து, நோய் சுருங்கியிருந்தால் அப்போது ஆபரேஷன். மருந்து முதலில் என்று சொன்னவுடன், “கைவிட்டுவிட்டார்கள்” என்று அழத் தொடங்கும் குடும்பங்கள் உண்டு. அது தப்பு அபிப்பிராயம். 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சியில் 670 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2015-இல் பிரிட்டனிலிருந்து 550 பெண்களை வைத்து இன்னொன்று வந்தது. நோய் முற்றியவர்களுக்கு இரண்டு வழியிலும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது; மருந்து முதலில் என்ற வழியில் ஆபரேஷன் சங்கடங்கள் குறைவு. கைதேர்ந்த ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் முதலில் செய்தால் இன்னும் நல்லதா என்ற விவாதம் மட்டும் இன்னும் ஓயவில்லை. 2019-இல் வந்த மற்றொரு முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது: முற்றிய நோயிலும், படத்திலும் நேரிலும் நெறிக்கட்டிகள் நன்றாகவே இருந்தால் அவற்றைக் கிள்ளி எடுப்பதால் ஆயுள் கூடவில்லையாம். எதை எடுக்க வேண்டும் என்பதோடு, எதை விட்டுவிடலாம் என்பதையும் படம் சொல்கிறது.

இளம் பெண்கள் விஷயம் தனி. இன்னும் குழந்தை பிறக்காத பெண்ணுக்கு ஒரு பக்கச் சினைப்பையில் மட்டும் நோய் அடங்கியிருப்பதாகப் படத்தில் தெரிந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, கர்ப்பப்பையையும் மறுபக்கத்தையும் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே துணுக்கை உறைய வைத்துச் சோதித்துச் சொல்லும் வசதியும் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. கல்யாணமாகாத பெண்களுக்கு உள்வழி ஸ்கேன் செய்வதில்லை. வயிற்றின் மேலிருந்தோ, காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யிலோ பார்த்துக் கொள்வார்கள். தாய்மார்கள் இதை நினைத்துப் பெண்ணை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? சொல்லாது. அரை சென்டிமீட்டருக்கும் சிறிய மணிகள், முக்கியமாகக் குடலின் மேல் தூவினாற்போல் இருப்பவை, சி.டி.யின் கண்ணுக்குத் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ.யில் ஒரு தனி முறை இவற்றை இன்னும் நன்றாகக் காட்டுகிறது. அப்போதும் சந்தேகமென்றால், தொப்புள் பக்கத்தில் சிறு துளை போட்டுக் குழாய்க் கண்ணாடியால் எட்டிப் பார்ப்பார்கள். ரோமாபுரியில் அன்னா ஃபகோட்டி என்ற பெண் டாக்டரும் அவருடைய குழுவினரும் 2006-இல் அப்படி எட்டிப் பார்த்து மார்க் போடும் முறையை வகுத்தார்கள். பெரிய வாசலைத் திறப்பதற்கு முன் சாவித் துவாரத்தில் பார்ப்பதுதானே கெட்டிக்காரத்தனம்?

நம் நாட்டுக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. வயிற்றில் வரும் காசநோய் இந்த நோயைப் போலவே வேஷம் போடும். அதே வீக்கம், அதே நீர், அதே முந்தானைக் கொழுப்பின் தடிப்பு, அதே சி.ஏ. 125 ஏற்றம். ஆறு மாத மாத்திரையில் தீர வேண்டியதற்குப் புற்றுநோய் ஆபரேஷன் செய்தால் எவ்வளவு அநியாயம்! அதனால்தான் மருந்து முதலில் என்று முடிவு செய்தால், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் முந்தானைக் கொழுப்பிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள். இதை வேறொன்றோடு குழப்பிக் கொள்ளக் கூடாது. சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் சந்தேகக் கட்டியில் ஊசி குத்தி நீரை உறிஞ்சுவது கூடாது. அடைபட்ட விதையைத் தூவி விட்டதாகிவிடும். “சும்மா நீரை எடுத்துப் பார்ப்போம்” என்று யாராவது சொன்னால், சந்தேகம் இல்லாத கட்டிதானா என்று தயங்காமல் கேளுங்கள்.

இவ்வளவு படித்த பிறகு, “வருஷா வருஷம் எனக்கும் ஒரு ஸ்கேன் எடுத்து விடட்டுமா?” என்று கேட்பீர்கள். வேண்டாம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல வருஷங்கள் கவனித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். தொந்தரவே இல்லாதவர்களுக்கு வருஷந்தோறும் ரத்தமும் ஸ்கேனும் பார்த்ததால் இந்த நோயின் சாவு குறையவில்லை. தாய்க்கோ சகோதரிக்கோ மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் தனியாக ஆலோசனை கேட்க வேண்டும். மற்றவர்கள் பெரியம்மாவுக்கு வந்தது போன்ற தொந்தரவு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், ஓமத் தண்ணீரை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்குப் போனால் போதும்.

மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு நடை வீணானாலும் ஒரு நாள் கூலியும் பஸ் சத்தமும் போயிற்று. அதனால் சில காரியங்களை முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். சி.டி.க்கு முன் சில மணி நேரம் சாப்பிடக் கூடாது என்பார்கள். காலையில் மலையில் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டால் அன்றைக்குப் படம் எடுக்க முடியாமல் போகலாம். நரம்பு வழியே ஒரு சாயம் ஏற்றுவார்கள்; உடம்பெல்லாம் ஒரு நிமிஷம் சூடாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்ற ரத்தப் பரிசோதனை முதலில் வேண்டும்; அதை ஊரில் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம். முன்பு ஏதாவது ஊசியில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் அதையும், சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய ஸ்கேனும், அதைப் பார்த்து ஆபரேஷன் செய்யும் புற்றுநோய் சர்ஜனும், ரத்த வங்கியும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் உறவுக்காரர் இருந்தால் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் காலமாகும் வரை அதுவே வீடாக இருந்தார். பெண்கள் தொடங்கி, பெண்கள் நடத்தி வளர்த்த ஆஸ்பத்திரி என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. புற்றுநோய் ஆபரேஷனும் மருந்தும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸில் அட்டை எடுக்க வேண்டும். நோய் வந்த பிறகு ஓடாமல், இந்த வாரமே அட்டை இருக்கிறதா என்று பீரோவைத் திறந்து பாருங்கள்.

சர்ஜனிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போகலாம். படத்தைப் பார்த்தால் முழுவதும் எடுத்துவிட முடியும் என்று தோன்றுகிறதா? குடல், ஈரல் பக்கம் கை வைக்க நேர்ந்தால் அதற்கு ஆள் இருக்கிறார்களா? இதே ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக் கொள்ளமாட்டார். கோபித்துக் கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

படமும் குறுந்தகடும் கைக்கு வந்தவுடன், அறிக்கைக் காகிதம் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சர்ஜன் தம் கண்ணால் படத்தைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் எழுதியதைப் படித்தால் போதாது. உறையைச் சுருட்டாமல், பஸ்ஸில் வாழைத்தாருக்கு அடியில் வைக்காமல், மடியிலேயே வைத்துக்கொண்டு போங்கள். ஆபரேஷன் முடிந்து தையல் ஆறிய பிறகும் அதைப் பரணில் போட்டுவிட வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் போகும்போது, “பழைய படம் எங்கே?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.